காட்டம்

என்னிடம் ஒரு கூகுள் ஷீட் இருந்தது. மொத்தம் 62 வரிசைகள். தேதி, சிகாரின் பெயர், நீளம், தடிமன், மேலிலை எந்த நாட்டுடையது, கூட என்ன பீர், முதல் மூன்றிலொரு பங்கில் என்ன ருசி, நடுப்பகுதியில் என்ன, கடைசியில் என்ன, இழுவை எப்படி, சாம்பல் எவ்வளவு நேரம் உதிராமல் நின்றது, நூற்றுக்கு எத்தனை மதிப்பெண். எந்த பீரோடு எது சேர்ந்தால் சராசரி ஏறுகிறது என்று பார்க்க ஒரு பிவட் டேபிள்கூட வைத்திருந்தேன். வேலையில் செய்வதைத்தான் வீட்டிலும் செய்கிறேன் என்று நண்பன் ஒருவன் சிரித்தான். உண்மைதான். எதையும் அளந்துவிட்டால் அது என் கட்டுப்பாட்டில் இருக்கிறது என்று நம்பும் சாதி நான்.

இந்தக் கட்டுரை அந்த ஷீட்டின் 62ஆவது வரிசையைப் பற்றியது. அதுதான் கடைசி வரிசை. மதிப்பெண் 93. அதற்கு மேல் எந்த சிகாருக்கும் நான் போட்டதில்லை.

2018இல் கம்பெனி என்னை ஆன்சைட் அனுப்பியது. இடம் ஃபுளோரிடாவில் டாம்பா. போவதற்கு முன் அந்த ஊரைப் பற்றி எனக்குத் தெரிந்தது அங்கே சூறாவளி வரும் என்பது மட்டும்தான். போன இரண்டாவது வாரம் டீம் லஞ்சுக்காக ஈபோர் சிட்டி என்ற பகுதிக்குக் கூட்டிப் போனார்கள். சிவப்புச் செங்கல் கட்டடங்கள், இரும்புக் கம்பி வேலைப்பாடு செய்த பால்கனிகள், தெருவில் திரியும் சேவல்கள். காரிலிருந்து இறங்கியதும் அந்த வாசனை அடித்தது. என் கால் அப்படியே நின்றுவிட்டது. அது உறையூர் வாசனை.

எங்கள் அப்பாயி உறையூரில் சுருட்டு சுற்றியவர். அப்பாவின் அம்மா. முப்பது வருஷத்துக்கு மேல் அந்த வேலை. காலையில் சமையலை முடித்துவிட்டு, திண்ணையில் பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் சாயந்திரம்தான் எழுந்திருப்பார். ஈரத்துணியில் சுற்றிவைத்த புகையிலை, நரம்பு கிழிக்க ஒரு சின்னக் கத்தி, கிண்ணத்தில் மைதாப் பசை. எண்ணிக்கைக்குத்தான் கூலி. சுற்றி முடித்த சுருட்டைக் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, காதருகே வைத்துக் கேட்பார். "இறுக்கிச் சுத்துனா இழுக்காது. தளத்திச் சுத்துனா நிக்காது" என்பார். ஒரு நாளும் அவர் ஒரு சுருட்டைக்கூட வாயில் வைத்ததில்லை. பற்றவைப்பது தாத்தாவின் வேலை.

ஆங்கிலத்தில் 'செரூட்' என்கிறார்களே, அது நம் சுருட்டுதான். தமிழிலிருந்து போன சொல். இரண்டு முனையும் வெட்டப்பட்டிருக்கும் நம்மூர்ச் சுருட்டைப் பார்த்து வெள்ளைக்காரன் வைத்துக்கொண்ட பெயர். 1887இல் வந்த ஷெர்லாக் ஹோம்ஸின் முதல் நாவலில், கொலை நடந்த அறையில் கிடக்கும் சாம்பலைப் பார்த்தே அது திருச்சிச் சுருட்டு என்று கண்டுபிடிப்பார் ஹோம்ஸ். காலேஜ் ஹாஸ்டலில் அதைப் படித்தபோது புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்சநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். உலகத்தின் மிகப் புகழ்பெற்ற துப்பறிவாளனுக்கு என் தெருவின் சாம்பல் தெரியும்!

டாம்பாவின் கதையும் சுருட்டின் கதைதான். 1880களின் நடுவில் விசென்டே மார்டினெஸ் ஈபோர் என்ற முதலாளி அங்கே சிகார் தொழிற்சாலை கட்டினார். கியூபாவிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்தத் தொழிற்சாலைகளில் 'லெக்டோர்' என்றொரு வேலை இருந்தது. நூற்றுக்கணக்கானவர்கள் உட்கார்ந்து சுருட்டு சுற்றும் கூடத்தில், உயரமான மேடையில் ஒருவர் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பார். முதலில் செய்தித்தாள், அப்புறம் நாவல். எந்த நாவல் என்பதைத் தொழிலாளர்கள்தான் தேர்ந்தெடுப்பார்கள். வாசிப்பவருக்குச் சம்பளமும் அவர்களே தங்கள் கூலியிலிருந்து போட்டுக் கொடுப்பார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாதவர்களுக்கும் டூமாவும் விக்தர் ஹ்யூகோவும் தெரிந்திருந்தது இப்படித்தான். மான்டெக்ரிஸ்டோ என்ற சிகார் பிராண்டின் பெயரே டூமாவின் நாவலிலிருந்து வந்தது. 1931இல் டாம்பா முதலாளிகள் லெக்டோர்களை நிறுத்தினார்கள். அரசியல் படிக்கிறார்கள், ஆட்களைக் கிளப்பிவிடுகிறார்கள் என்று காரணம். அந்த இடத்தில் ரேடியோ வந்தது.

இதைப் படித்ததும் எனக்கு அப்பாயியின் தலைக்கு மேல் மாடத்தில் இருந்த ரேடியோ ஞாபகம் வந்தது. திருச்சி வானொலி நாள் முழுக்கப் பாடிக்கொண்டிருக்கும். ஒலிச்சித்திரம் போடும்போது மட்டும் அவர் கை கொஞ்சம் மெதுவாகும்.

ஆக, நான் சிகார் பிடிக்க ஆரம்பித்ததற்கு என்னிடம் நல்ல காரணங்கள் இருந்தன. வரலாறு, இலக்கியம், பாட்டி. கெட்ட பழக்கத்துக்கு இவ்வளவு கெளரவமான காரணங்கள் யாருக்கும் அமையாது.

எழுதிவைத்துப் பழக வேண்டும் என்று முதல் நாளே முடிவெடுத்தேன். நல்ல சிகாரில் மூன்று அடுக்கு உண்டு. வெளியே தெரிவது மேலிலை. அதற்குள் எல்லாவற்றையும் இறுக்கிப் பிடிக்கும் கட்டிலை. நடுவில் உள்ளிலைகள். செடியின் அடியில் வளரும் இலை மென்மையானது, சீக்கிரம் பற்றும். உச்சியில் வளர்வதற்கு 'லிஹேரோ' என்று பெயர். அதிக வெயில் வாங்கி, தடித்து, எண்ணெய் ஏறி, மெதுவாக எரியும். நிகோடினும் அதில்தான் அதிகம். கனமான சிகார் வேண்டுமென்றால் உள்ளே லிஹேரோவைக் கூட்டிச் சுற்றுவார்கள்.

கனம் என்பதிலும் இரண்டு இருக்கிறது. வாயில் புகை எவ்வளவு பாரமாக உட்காருகிறது என்பது ஒன்று. அதைத்தான் 'ஃபுல் பாடி' என்பார்கள். தண்ணீர் கலக்காத பாலுக்கும் தண்ணீர்ப் பாலுக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. நிகோடின் எவ்வளவு தலையில் ஏறுகிறது என்பது இன்னொன்று. அது வீரியம். பாரமாக இருந்தும் தலை சுற்றாத சிகார் உண்டு. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு ஆறேழு மாதம் ஆனது. தாத்தாவிடம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே சொல்தான் இருந்தது: காட்டம். "இன்னிக்கி காட்டம் பத்தல" என்பார். இல்லாவிட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். அவருடைய ஷீட்டில் அவ்வளவுதான் காலம்.

பீர் சேர்ப்பது என்பது தனி ஆராய்ச்சி. விஸ்கி, ரம் என்றுதான் எல்லோரும் போவார்கள். எனக்கு பீர்தான் சரிப்பட்டது. வாயில் படிந்த புகையின் பிசுக்கை அதன் நுரை கழுவிவிடும், அடுத்த இழுப்பு புதிதாக இருக்கும். முதலில் ஐபிஏ வைத்துப் பார்த்தேன். ஹாப்ஸின் கசப்பும் புகையிலையின் கசப்பும் மோதிக்கொண்டு, வேப்பிலையை மென்ற மாதிரி ஆனது. லாகர் இருந்த இடமே தெரியவில்லை. டாம்பாவிலேயே சிகார் சிட்டி என்றொரு மதுவடிப்பகம் இருக்கிறது. அவர்களுடைய பிரவுன் ஏல் ஒன்றுக்குப் பெயரே மதூரோ. கறுத்த, நன்றாகப் புளிக்கவைத்த சிகார் இலையின் பெயர் அது. நடுத்தர சிகாருக்கு அந்த பீர் அழகாகப் பொருந்தியது. கனமான சிகார் முன்னால் மட்டும் அதுவும் ஒதுங்கிக்கொண்டது. கடைசியில் கண்டுபிடித்தது இம்பீரியல் ஸ்டவுட். கறுப்பு, கெட்டி, ஆல்கஹால் பத்து சதவீதத்துக்கு மேல். கறுக வறுத்த பார்லியில் காபியும் கோகோவும் மணக்கும். அதே மணங்கள் மதூரோ இலையிலும் உண்டு. ஒத்த எடை, ஒத்த மணம். ஒன்றையொன்று தூக்கிவிடும். என் பிவட் டேபிளும் அதையே சொன்னது.

62ஆவது வரிசைக்கு வருகிறேன். 2021, ஊர் திரும்புவதற்கு முந்தைய வாரம். சிகாரின் பெயர் வேண்டாம், விளம்பரம் ஆகிவிடும். நிகராகுவாவின் எஸ்தெலி பக்கத்து இலை, எரிமலை மண்ணில் வளர்ந்தது. மதூரோ மேலிலை. ஆறு அங்குல நீளம். அபார்ட்மெண்ட் பால்கனியில் ஒரு நாற்காலி, ஒரு ஸ்டூல். ஸ்டவுட்டை இருபது நிமிஷம் முன்னாலேயே ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து வைத்தேன். ஐஸ் மாதிரி இருந்தால் அது வாயைத் திறக்காது.

பற்றவைக்காமலே ஒரு முறை இழுத்துப் பார்த்தேன். உலர்திராட்சை, தொழுவத்து வைக்கோல். தீயைத் தொடவிடாமல் முனையைச் சுற்றிச் சுற்றிச் சூடாக்கி, பிறகு பற்றவைத்தேன். முதல் அங்குலம் முழுக்க மிளகு. மூக்கு வழியாகக் கொஞ்சம் புகையை விட்டால் கண்ணில் தண்ணி. ஸ்டவுட்டில் ஒரு வாய். மிளகு அடங்கி, அடியிலிருந்து வெல்லப்பாகு மாதிரி ஒன்று எழுந்தது. நடுப்பகுதியில் மிளகு போய் டிகாஷன் வந்தது. தோல் செருப்பு வாசனை. கோடை மழை விழுந்த மண். சாம்பல் ஒன்றரை அங்குலத்துக்கு நின்றது, ஹோம்ஸ் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கடைசிப் பகுதியில் லிஹேரோ முழித்துக்கொண்டது. உள்ளங்கை வேர்த்தது, தலை லேசாக மிதந்தது. நிமிஷத்துக்கு ஓர் இழுப்பு என்பதைத் தாண்டக் கூடாது, தாண்டினால் புகை சூடாகிக் கசந்துவிடும். நான் தாண்டவில்லை. இரண்டு மணி பத்து நிமிஷம். ஒரு பக்கம் எரிந்து மறுபக்கம் நின்றதால் இடையில் ஒரு முறை லைட்டர் காட்ட வேண்டியிருந்தது, அதற்கு மூன்று மதிப்பெண் போச்சு. கடைசி அங்குலத்தின் கசப்புக்கு இரண்டு. நூறு என்று ஒன்று இருக்கக் கூடாது என்பதற்காக இன்னும் இரண்டு. 93.

மூன்று வருஷத்தில் 62 சிகார். சராசரியாக மாதத்துக்கு இரண்டு கூட இல்லை. ஆகவே இது பழக்கம் இல்லை, ரசனை. ஷீட்டே சாட்சி.

சென்னைக்கு வரும்போது 25 சிகார் உள்ள ஒரு பெட்டி கொண்டுவந்தேன். அவ்வளவுதான் வரியில்லாமல் அனுமதி. நாலு மாதத்தில் பெட்டியில் மூன்று மிச்சம். 22 சிகாரை நான் பிடித்திருக்கிறேன். அவற்றில் ஒன்றுகூட ஷீட்டில் இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. ராத்திரி பதினோரு மணி கால் முடிந்து, மொட்டை மாடிக்குப் போய், தண்ணித் தொட்டிக்குப் பின்னால் நின்று, கடையில் கிடைத்த ஏதோ ஒரு ஸ்ட்ராங் பீரோடு பிடித்துவிட்டு வருவேன். ருசி என்ன என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியாது. போனைப் பார்த்துக்கொண்டே பிடித்தேன்.

கடைவாய்ப் பல் வலிக்கிறதென்று ஒரு கிளினிக்குக்குப் போனேன். பல்லைப் பார்த்துக்கொண்டிருந்த டாக்டர், கன்னத்தின் உட்புறத்தைக் கண்ணாடியால் ஒதுக்கி, லைட்டைச் சரிசெய்து, மறுபடி பார்த்தார். என்னைவிட வயது குறைந்தவராகத்தான் இருக்கும்.

"பான், குட்கா ஏதாவது போடுவீங்களா?"

"இல்ல டாக்டர்."

"சிகரெட்?"

"தொட்டதே இல்ல." ஒரு நிமிஷம் கழித்து, "சிகார்... எப்பவாவது. ஆனா உள்ள இழுக்க மாட்டேன். வாயோட சரி."

"இந்தத் திட்டும் வாயிலதான் இருக்கு" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. கண்ணாடியைத் திருப்பிக் காட்டினார். கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு வெள்ளை. பால் குடித்துவிட்டுத் துடைக்காத மாதிரி. விரலால் தேய்த்தால் போகவில்லை.

"கூட டிரிங்க்ஸ் உண்டா?"

உண்டு என்றேன். பேப்பரை எடுத்துப் படம் போட்டே விளக்கினார். சிகரெட் புகை மாதிரி இல்லை சிகார் புகை. அதில் காரத்தன்மை அதிகம். அதனால் நிகோடின் நுரையீரல் வரை போகத் தேவையில்லை, வாயின் ஈரத் தோல் வழியாகவே ரத்தத்தில் சேர்ந்துவிடும். உள்ளே இழுக்கவில்லை என்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. புகையிலை தனியாகவே புற்றுநோய் தருவது, ஆல்கஹாலும் அப்படியே. இரண்டும் ஒன்றாகச் சேரும்போது வாயிலும் தொண்டையிலும் ஆபத்து வெறுமே கூடுவதில்லை, பெருகுகிறது. ஆல்கஹால் அந்தத் தோலை இளக்கிவிடும், புகையில் உள்ளது சுலபமாக உள்ளே போகும். "ஒண்ணு கதவத் திறக்கும், இன்னொண்ணு உள்ள வரும்" என்றார்.

மூன்று வருஷம் உட்கார்ந்து நான் தேடிய பொருத்தம் இதுதான். ஒத்த எடை, ஒன்றையொன்று தூக்கிவிடும். என் ஷீட்டில் அளக்காமல் விட்ட ஒரே காலம் இந்த வாய்.

ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சின்னதாக ஒரு துணுக்கு வெட்டி எடுத்தார்கள். ரிசல்ட் வர எட்டு நாள். அந்த எட்டு நாளும் நான் தாத்தாவைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தாத்தா 2002இல் இறந்தார். நாக்கின் ஓரத்தில் ஒரு புண்ணாக ஆரம்பித்தது. நான் ஒன்பதாம் வகுப்பு. கடைசி இரண்டு மாதம் வடிகட்டிய கஞ்சி மட்டும்தான், அதையும் அப்பாயி ஸ்பூனில் கொடுப்பார். பேச்சு போய்விட்டது. ஒரு நாள் அவர் கையைச் சுருட்டு பிடிப்பதுபோல வைத்துக்கொண்டு அப்பாயியைப் பார்த்தார். அப்பாயி ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய், ஒரு சுருட்டை எடுத்துவந்து, பற்றவைக்காமல் அவர் மூக்குக்குக் கீழே பிடித்தார். ரொம்ப நேரம் பிடித்தார். அப்பா அறைக்குள் வந்து அதைப் பார்த்துவிட்டு, பிடுங்கிக் கூரைக்கு மேல் வீசியெறிந்தார். அப்பாயி அதற்குப் பிறகு சுருட்டு சுற்றப் போகவில்லை. அப்பா வாழ்நாளில் புகையிலையைத் தொட்டதில்லை. கல்யாண வீட்டு வெற்றிலைத் தட்டையும் தள்ளித்தான் வைப்பார்.

இந்தக் கதை எனக்கு ஆரம்பத்திலிருந்தே தெரியும் என்பதுதான் விஷயம். டாம்பாவில் காரிலிருந்து இறங்கிய அன்றைக்கும் தெரியும். வாசனை அப்பாயியை மட்டும் கொண்டுவந்தது, தாத்தாவின் வாயைக் கொண்டுவரவில்லை. இல்லை, வந்திருக்கும். நான்தான் அதற்கு ஒரு காலம் போடவில்லை.

எட்டாம் நாள் ரிசல்ட். புற்று இல்லை. செல்களில் லேசான மாறுதல் ஆரம்பித்திருக்கிறது, இரண்டையும் அடியோடு நிறுத்த வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும். படி இறங்கி வரும்போது கால் நடுங்கியது. அன்று ராத்திரி அப்பாவுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். ரொம்ப நேரம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று பார்த்தேன். "ஊருக்கு வா" என்றார்.

நிறுத்துவது, நான் நினைத்த மாதிரி, ஒரு ஃபைலை மூடுவது போல இல்லை. முதல் மூன்று வாரம் பதினோரு மணி ஆனால் கால் தானாக மாடிப்படிக்குப் போகும். எரிச்சல், தூக்கமின்மை, டீமில் எல்லோரிடமும் சண்டை. மாதத்துக்கு இரண்டுகூடப் பிடிக்காத ரசிகனுக்கு இதெல்லாம் வரக் கூடாதே. ஷீட்டைத் திறந்து பார்த்தேன். எழுதாமல் விட்ட 22 வரிசைகளைத் தேதி இல்லாமல் சேர்த்தேன். சராசரி என்ன ஆனது என்று பார்க்கவில்லை.

மிச்சமிருந்த மூன்று சிகாரை என்ன செய்வதென்று தெரியவில்லை. குப்பையில் போட மனசு வரவில்லை, யாருக்காவது கொடுக்கவும் முடியாது. ஆடி மாதம் குலதெய்வம் கோயிலுக்குப் போனபோது பையில் எடுத்துக்கொண்டேன். எங்கள் கருப்பசாமிக்குச் சுருட்டும் சாராயமும்தான் படையல். சாராயம் கிடைக்காத இந்தக் காலத்தில் பூசாரி பீர் பாட்டிலை உடைத்து வைக்கிறார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்தது. சிகாரையும் பீரையும் சேர்த்தது நான்தான் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே.

மூன்றையும் நீட்டினேன். பூசாரி திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்ன தம்பி, இம்மாந் தடி இருக்கு?"

"வெளிநாட்டுச் சுருட்டு சாமி."

"காட்டமா இருக்குமா?"

"இருக்கும்."

ஒன்றைப் பற்றவைத்துச் சாமி முன்னால் கல்லில் செருகினார். முனையைச் சூடாக்கவில்லை, வத்திக்குச்சியால் நேரே கொளுத்தினார். ஒரு பக்கம்தான் எரிந்தது. ஆடிக் காற்றில் புகை நேராக எங்கள் பக்கம் வந்தது. வைக்கோல், உலர்திராட்சை, பிறகு மிளகு. நான் இரண்டடி பின்னால் தள்ளி நின்றேன். அப்பா நகரவில்லை.

"இதுக்குத்தான் மார்க்கெல்லாம் போட்டியாக்கும்" என்றார்.

"ஆமாப்பா."

"எத்தன?"

"தொண்ணூத்தி மூணு."

அவர் கொஞ்சநேரம் அந்தச் சுருட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வேட்டி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"ஒங்க தாத்தாவுக்கு ஒண்ணு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்று சொல்லிவிட்டு, செருப்பைத் தேடிப் போனார்.